பெர்லிட்டா ஒட்டவைத்த ஜெபமாலை

நாலாசின் என்னும் ஊரில் ஒருவர் இறந்துவிட்டால், சவப்பெட்டிக்குச் சொல்லியனுப்பிய கையோடு பெர்லிட்டாவுக்கும் சொல்லியனுப்பும் வழக்கம் ஏற்பட்டு இரண்டாண்டுகூட நிறைந்திருக்கவில்லை. திருமணங்களுக்கு நகரத்திலிருந்து பெரிய புகைப்படக்காரர்கள் வந்தார்கள். ஞானஸ்நானத்துக்கு உறவினர் ஒருவரின் கைபேசியே போதுமானதாயிருந்தது. அவளுக்கென்று எஞ்சியது மரணம் ஒன்றுதான். வீட்டுக்கு ஒருவராவது ஹவாயிலோ ரியாத்திலோ மிலானிலோ பிழைக்கும் ஊர் இது. அடக்கத்துக்கு வர இயலாத பிள்ளைகள் தம் பெற்றோரின் முகத்தைக் கடைசியாகக் காண்பது படத்தில்தான். ஆகவே, பெட்டியைச் சுற்றிக் குடும்பம் குடும்பமாக நிற்பது முதல், கல்லறை மாடத்தின் வாயைக் கொத்தனார் பூசி முடிப்பது வரை எல்லாம் படமாக வேண்டும்.

முப்பத்தாறு வயதான பெர்லிட்டா இக்கலையை எங்கும் முறையாகப் பயின்றவள் அல்லள். தைவானில் மீன் உருண்டைகளைப் பொட்டலமிடும் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவள். அங்கிருந்தபோதுதான் அவளுடைய தாய் இறந்தாள். ஊரிலிருந்து பதினொரு படங்கள் வந்தன. அவற்றுள் ஒன்றிலும் தாயின் முகம் முழுமையாக இல்லை. ஒன்றில் மலர்வளையம் மறைத்தது. மற்றொன்றில் சித்தப்பாவின் முழங்கை மறைத்தது. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியபோது, உடன் வேலை பார்த்தவளிடமிருந்து ஒரு பழைய கேமராவை வாங்கிக்கொண்டுதான் திரும்பினாள்.

யார் எந்தக் குறையைச் சொன்னாலும் மறுத்துப் பேச அவளுக்குத் தெரியாது. மேற்பார்வையாளர் விரலால் சுட்டிய பொட்டலத்தைப் பிரித்து, வாய் திறவாமல் மீண்டும் கட்டுவதே ஆறு ஆண்டுகளாக அவள் பெற்ற பயிற்சி. படங்களிலும் அதையே செய்தாள். அவள் எடுத்த முதல் சாவுப் படங்களைப் பார்த்த ஒருத்தி, செத்தவரைவிடச் சுற்றி நிற்பவர்கள்தாம் செத்தவர்களைப்போல் இருக்கிறார்கள் என்றாள். பெர்லிட்டா அடுத்த சாவில் எல்லோரையும் வெளிச்சமாக்கினாள். எங்கள் மாமா கறுப்பு, படத்தில் இருக்கும் இந்த ஸ்பானியர் யார் என்று அந்த வீட்டார் கேட்டார்கள். அதற்கடுத்த சாவில் இருட்டாக்கினாள். ஒவ்வொரு குறையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, சரிசெய்த பிறகு அதன்மேல் கோடு இழுப்பாள்.

மூன்று சக்கர வண்டி ஓட்டும் அவள் கணவன் ரோடெல், கேலியாக ஒருமுறை சொன்னான்: "உன் கேமராவுல பட்டன் ஒண்ணுதான் இருக்கு, பெர்லி. அத அமுக்குற விரல் மட்டும் ஊர்ல நானூறு பேரோடது."

அவள் சிரித்தாள். ஆனால் குறை கேட்கும் பசி அடங்கவில்லை. இணையத்தில் 'முதல் சொடுக்கு' என்னும் பெயரில், புதிதாகப் படமெடுப்பவர்களுக்கென ஒரு குழு இருந்தது. அங்கே எல்லோரும் மாஸ்டர் வெர்ஹெல் என்று அழைத்த ஒருவரின் சொல்லே தீர்ப்பு. மணிலாவில் இருப்பவர், பரிசுகள் பெற்றவர் என்பதற்குமேல் அவரைப்பற்றி எவருக்கும் ஒன்றும் தெரியாது. ஒன்றரை ஆண்டுகளில் பெர்லிட்டாவின் படங்களுக்கு அவர் எழுதியவை முப்பத்து மூன்று குறிப்புகள். சாய்ந்திருக்கிறது, நெரிசல், கண் எங்கே போவது, வெளிச்சம் செத்துவிட்டது. பாராட்டு ஒன்றுகூட இல்லை.

ஜூலை மாத மழையில் அம்ப்ரோசியோ பக்டிலாவ் இறந்தார். அவருடைய ஒரே மகள் ஜெம்மா ஹொனலூலுவில் ஒரு விடுதியில் அறைகளைச் சீர்செய்யும் வேலையில் இருந்தாள். ஆறு மாதக் கர்ப்பிணி. அதற்கு முன்பு இரண்டு முறை கரு தங்காமல் போனவள். விமானம் ஏறக்கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். தந்தையின் படங்கள் நன்றாக அமைய வேண்டும் என்று, ஜெம்மா அங்கிருந்தபடியே பெர்லிட்டாவை அழைத்து அழுதாள். அதே வேளையில் சவ அடக்க நிலையம் நடத்தும் தொலெந்தினோ, இந்தக் குடும்பத்துக்குப் படங்கள் பிடித்துவிட்டால் ஆகஸ்டு முதல் தம் நிலையத்தின் எல்லா அடக்கங்களுக்கும் அவளையே அழைப்பதாக வாக்களித்தார். அந்த வாக்கு நிலைத்தால் அவள் புகைப்படக்காரி. இல்லையென்றால், மீண்டும் தைவானுக்கு மனு எழுத வேண்டியதுதான். அதை வீட்டில் இருவருமே அறிந்திருந்தனர்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கியபோது மழை பிடித்துக்கொண்டது. மேலே கட்டிய நீலத் தார்ப்பாய் தண்ணீர் தேங்கித் தொங்க, நிலையத்தின் ஆட்கள் மூங்கிலால் அதைத் தூக்கிப்பிடிப்பதிலேயே முனைந்திருந்தார்கள். விதவையான அடேலாவை உறவினர்கள் அருகிலிருந்த கொட்டகைக்கு அழைத்துச் சென்றிருந்தார்கள். பெட்டியருகே நின்றவர்கள் இருவர் மட்டுமே. ஒருத்தி இறந்தவரின் அக்காள். ஊரார் மூத்தவள் என்ற மரியாதையில் நானா சபேல் என்று அழைக்கும் அறுபத்தெட்டு வயதுப் பெண். மற்றவள் பெர்லிட்டா.

இறந்தவரின் விரல்களில் சுற்றிய ஜெபமாலையை, மாடத்துக்குள் வைப்பதற்கு முன் அறுத்துவிட வேண்டும். முழு மாலையோடு ஒருவரை அனுப்பினால், அந்தத் தொடரைப் பற்றிக்கொண்டு அதே வீட்டிலிருந்து இன்னொருவர் போவார். நாலாசினில் இதை ஒருவரும் விவாதிப்பதில்லை. கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்த நானா சபேல், குனிந்து, விரலால் தடவிப் பார்த்து, கத்தரிக்கோலால் மாலையை அறுத்தாள். நான்கு மணிகள் உதிர்ந்து அம்ப்ரோசியோவின் வெண்சட்டைமேல் உருண்டன. அவள் விலகியதும் பெர்லிட்டா படமெடுத்தாள். பிறகு பெட்டியின் உள்மூடியான கண்ணாடி மூடப்பட்டது.

அவள் வாழ்நாளில் எடுத்த மிக நல்ல படம் அது. தார்ப்பாயின் வழியே இறங்கிய நீல ஒளியில் முகம் உறங்குவதுபோல் இருந்தது. கைகள் உயிருள்ள கைகளாகத் தெரிந்தன. பெரிய அளவில் அச்சிடுவதற்கு முன், முகத்தைத் தவிர்த்துக் கைகளிருந்த பகுதியை மட்டும் குழுவில் வெளியிட்டாள். மாஸ்டர் வெர்ஹெல் ஒரு மணி நேரத்துக்குள் எழுதினார்: "ஒளி நல்லா இருக்கு. ஆனா அறுந்த மாலையும் சிதறின மணியும் கண்ணப் புடிச்சு நிறுத்துது. சுத்தம் பண்ணக் கத்துக்கங்க." அதை நாற்பத்தொரு பேர் ஆமோதித்திருந்தார்கள்.

வெர்ஹெல் எந்த மதத்தவரோ, எந்தத் தீவினரோ, அவள் அறியாள். மாலை ஏன் அறுந்திருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. மேற்பார்வையாளரின் விரல் நீண்டுவிட்டது. பொட்டலத்தைப் பிரித்துக் கட்ட வேண்டியதுதான். இரண்டு பிற்பகல்கள் கணினியின் முன் அமர்ந்தாள். சட்டைமேல் கிடந்த மணிகளை அழித்தாள். அறுந்த இடத்தில், வேறிடத்து மணிகளை ஒவ்வொன்றாகப் படியெடுத்து, நிழலும் பளபளப்பும் பொருந்தும்படி கோத்தாள். மனம் உறுத்தியபோது, மாலையை அறுத்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தாயிற்று, மாடமும் பூசியாயிற்று, படம் அழகாக இருந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று தனக்குத்தானே விடை சொல்லிக்கொண்டாள். முதலில் இட்டதை அதன் கீழிருந்த குறிப்புகளோடு நீக்கிவிட்டு, திருத்திய படத்தைக் குழுவில் இட்டாள்.

"இப்பதான் படம்" என்று எழுதினார் வெர்ஹெல்.

அந்த இரு சொற்களை அன்று அவள் எத்தனை முறை படித்தாள் என்பதற்குக் கணக்கில்லை. அந்தப் படத்தையே பெரிதாக அச்சிட்டாள். அதையே ஜெம்மாவுக்கும் அனுப்பினாள். ஒன்பதாம் நாள் செபத்தன்று அடேலாவின் கூடத்தில் அது மாட்டப்பட்டது. வந்தவர்களெல்லாம் முகத்தைப் பார்த்தார்கள். உறங்குகிறார், உறங்குகிறார் என்றார்கள். கைகளை எவரும் பார்க்கவில்லை. தொலெந்தினோ அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மூன்று வாரங்கள் கழித்து ஜெம்மாவுக்கு இரத்தப்போக்கு ஏற்பட்டது. மருத்துவமனையில் அசையாமல் கிடக்கும்படி பணித்துவிட்டார்கள். கிடந்தவளுக்குச் செய்வதற்கு வேறொன்றுமில்லை. கைபேசியில் தந்தையின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு தாயை அழைத்தாள்.

"அம்மா, அப்பா கையில மால முழுசா இருக்கு. யாரும் அறுக்கலையா?"

அடேலா நாற்காலியின்மேல் ஏறிச் சுவரிலிருந்த படத்தைக் கழற்றி, சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். அன்று மாலைக்குள் தெரு முழுவதும் செய்தி பரவிவிட்டது. நானா சபேலை அழைத்து விசாரித்தார்கள். அறுத்தேன் என்றாள் அவள். அப்படியானால் இது என்ன என்று படத்தைக் காட்டினார்கள். அவளுக்குப் படம் மங்கலாகத்தான் தெரிந்தது. கண் தெரியாதவளிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தது யார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்களே தவிர, கேமரா பொய் சொல்லியிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்காகத்தானே கேமராக்காரியை அழைக்கிறார்கள்.

மறுநாள் காலையில் நானா சபேல் பெர்லிட்டாவின் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நீ பக்கத்துலதானே நின்ன, மகளே. நான் அறுத்தத நீ பாத்தியா?"

"பாத்தேன், நானா. அறுத்தீங்க."

"அப்பறம் ஏன் படத்துல அப்படி இருக்கு?"

உண்மை பெர்லிட்டாவின் நாக்கின் நுனிவரை வந்தது. அதன் பின்னாலேயே தொலெந்தினோவும், ஆகஸ்டும், சுவரில் தொங்கிய படமும் வந்தன. மழை, வெளிச்சம், கோணம் என்று ஏதேதோ சொன்னாள். சில நேரங்களில் அறுந்தது அறுந்ததாகத் தெரியாது என்றாள்.

நானா சபேல் தன் வலக்கையின் இரண்டு விரல்களைக் கத்தரிபோல் விரித்து மூடிப் பார்த்துக்கொண்டாள். "டக்குனு சத்தம் கேட்டுச்சே," என்றாள். "இல்ல, வெறும் கத்தரியோட சத்தமா இருக்குமோ?" பதிலுக்குக் காத்திராமல் நடந்துவிட்டாள்.

அன்று பெர்லிட்டாவால் சோறு வடிக்கக்கூட முடியவில்லை. ரோடெலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நெடுநேரம் வண்டியின் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும், அதுவரை வாயைத் திறக்காதே என்றான். பிறக்காவிட்டால், என்று அவள் கேட்டாள். அவன் மீண்டும் சங்கிலியைத் துடைக்கத் தொடங்கினான்.

குழந்தை பிறக்கும்வரை ஊர் காத்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை, ஜெம்மாவுக்கு மீண்டும் இரத்தம் கண்டது. புதன்கிழமை, மாடத்தைத் திறந்து மாலையை அறுப்பதற்காக, பங்குத்தந்தையிடமும் சுகாதார அலுவலகத்திலும் அனுமதி பெற அடேலாவின் தம்பி மகன் ஜோனெல் புறப்பட்டுப் போனான். அன்றைக்கே நானா சபேல் அடேலாவின் வாசலில் மண்டியிட்டு, தான் அறுக்கவில்லைபோலும், மன்னித்துவிடு என்று கேட்டாளாம். தன் தம்பியின் பேரக்குழந்தையைத் தானே கொன்றுகொண்டிருப்பதாக நம்பிவிட்டாள். இதை ரோடெலின் வண்டியில் ஏறிய பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

அதைக் கேட்டபின் பெர்லிட்டா வீட்டில் இருக்கவில்லை. மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அடேலாவின் வீட்டுக்கு நடந்தாள். கூடத்தில் அடேலாவும் ஜோனெலும் இன்னும் நான்கைந்து பெண்களும் இருந்தார்கள். நின்றபடியே சொன்னாள்.

"நானா சபேல் அறுத்துட்டாங்க, ஆன்ட்டி. நான்தான் படத்துல ஒட்டவெச்சேன்."

அடேலாவுக்கு அது விளங்கவில்லை. எதற்காக ஒட்டவைத்தாய் என்று மட்டும் கேட்டாள். அழகாக இல்லையென்று ஒருவர் சொன்னார் என்றாள் பெர்லிட்டா. யார் அவர்? தெரியாது. உன் சொந்தக்காரரா? இல்லை. எங்கள் அம்ப்ரோசியோவைத் தெரிந்தவரா? இல்லை. சொல்லச் சொல்லத் தன் விடைகள் தன் காதுக்கே பைத்தியக்காரியின் விடைகளாகக் கேட்டன. அவசரமாகக் கணினியைத் திறந்து மூலப்படத்தைக் காட்டினாள். அறுந்த மாலை, சட்டைமேல் நான்கு மணிகள்.

ஜோனெல் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தான். கெட்டவனல்லன், ஆறு நாட்களாகச் சரியாக உறங்காதவன்.

"நானா சபேலுக்காகப் பரிதாபப்பட்டு இத இப்ப செஞ்சு கொண்டாந்திருக்க, அக்கா. அப்படித்தானே?"

"இல்ல. இதுதான் முதல்ல எடுத்தது."

"ஒட்டத் தெரிஞ்சவளுக்கு அறுக்கத் தெரியாதா?"

அவன் குரலை உயர்த்தவில்லை. படமெடுத்த தேதியும் நேரமும் கோப்பில் பதிவாகியிருப்பதைக் காட்டினாள். அவற்றையும் மாற்றலாம் என்று ஒரு பெண் சொன்னாள். அவள் மகன் கணினி படித்தவனாம்.

வீட்டுக்கு வந்ததும் பெர்லிட்டா குழுவைத் திறந்தாள். திருத்திய படத்தை மீண்டும் இட்டு, இதில் ஒட்டிய தடம் எங்கே இருக்கிறதென்று தயவுசெய்து காட்டுங்கள், ஒரு குடும்பத்தின் நிம்மதி இதில் இருக்கிறது என்று எழுதினாள். ஒன்றரை ஆண்டுகள் எந்த மனிதர்கள் கேட்காமலே குறைகளைக் கொட்டினார்களோ, அதே மனிதர்களிடம் ஒரே ஒரு குறையைப் பிச்சை கேட்டாள். விடைகள் வந்தன. தடமே இல்லை. மிக நேர்த்தி. எப்படிச் செய்தீர்கள், எங்களுக்கும் சொல்லித் தாருங்கள். ஒருவர் மட்டும் கட்டைவிரல் நகம் சற்று இருட்டாக இருப்பதாகச் சொன்னார். அது உண்மையான நகம். கடைசியாக மாஸ்டர் வெர்ஹெல் எழுதினார்: "தேடிப் பாத்தேன். ஒரு குறையும் இல்ல. சபாஷ்."

பெர்லிட்டா திரையில் விரலை வைத்து, தான் கோத்த மணிகளைத் தானே தேடினாள். எட்டாவதா, ஒன்பதாவதா? செய்தவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அப்போதுதான் அவளுக்கு முதன்முறையாக அழுகை வந்தது. தொலெந்தினோவிடமிருந்து மாலையில் குறுஞ்செய்தி வந்தது. அடுத்த வாரத்து அடக்கத்துக்கு வேறு ஆளைச் சொல்லியிருப்பதாக, மரியாதையாகவே எழுதியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாடத்தைத் திறந்தார்கள். அவளை ஒருவரும் அழைக்கவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு, வெயிலுக்குக் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சற்றுத் தள்ளி நின்றாள். கொத்தனார் உளியால் பூச்சை உடைத்து, கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார். ஆட்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு பெட்டியைப் பாதி வெளியே இழுத்து, மேல்பாதி மரமூடியைத் தூக்கினார்கள். உள்ளே கண்ணாடி இருந்தது.

அடேலா குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு கையை வாயில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து, மாலை அறுந்திருக்கிறது என்றாள். மற்றவர்களும் வரிசையாக வந்து பார்த்தார்கள். யாரோ சிலுவை வரைந்துகொண்டார். பெர்லிட்டாவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெம்மா தொலைபேசியில் காத்திருந்தாள். தாய் வாயால் சொன்னதை அவள் நம்பவில்லை. தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று அழுதாள். காட்டுங்கள், காட்டுங்கள் என்றாள். ஜோனெல் தன் கைபேசியால் படமெடுத்தான். கண்ணாடியில் வானமும் அவன் தலையுமே விழுந்திருந்தன. இன்னொன்று எடுத்தான், அதில் தென்னை ஓலை. மூன்றாவதில் வெயில் மட்டும் தெரிந்தது.

பெர்லிட்டா வந்து, தன் குடையை அவன் தலைக்குமேல் அல்லாமல், பெட்டிக்கு அப்பால் சரித்துப் பிடித்தாள். கண்ணாடியிலிருந்த வானம் மறைந்தது. அம்ப்ரோசியோவின் கைகள் தெரிந்தன.

"இப்ப எடு, தம்பி. ஒரு அடி கிட்ட வா."

அவன் எடுத்தான். படம் சாய்ந்திருந்தது, ஓரத்தில் கொத்தனாரின் கட்டைவிரல் விழுந்திருந்தது, வெளிச்சம் செத்திருந்தது. அறுந்த நூலும் நான்கு மணிகளும் தெளிவாக இருந்தன. அனுப்பினான். எல்லோரும் கைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹொனலூலுவிலிருந்து ஒரு சொல் வந்தது: "தெரியுது." பிறகு ஒன்றும் வரவில்லை. குழந்தை தங்குமா, தங்காதா என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை.

நானா சபேல் வேலியோரமாக நின்றிருந்தாள். அவளை இட்டுவந்து காட்டலாம் என்று அடேலா திரும்பினாள். அதற்குள் அவளே தடவிக்கொண்டு வந்து, குடை பிடித்திருந்த கையைப் பற்றினாள். யாரென்று தெரிந்துதான் பற்றினாள்.

"அறுந்திருக்கா?"

"அறுந்திருக்கு, நானா."

"படத்துலயா, கையிலயா?"

"கையில."

அவள் தலையசைத்தாள். கையை விட்டாள். ஆட்கள் பெட்டியை உள்ளே தள்ளினார்கள். கொத்தனார் முதற்கல்லை வைத்தார். சாந்து வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, குடையை இந்தப் பக்கம் கொஞ்சம் பிடி என்றார் அவர். பெர்லிட்டா பிடித்தாள். கடைசிக் கல் அமரும்வரை, மாற்றாத அதே கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.